சர்வர் ரூம் சாவியும் சிதம்பரம் இரண்டாம் கவுண்டரும்

கடலூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாகத் துப்புரவு வேலை பார்க்கிறேன். துப்புரவு என்றதும் எல்லோரும் துடைப்பத்தைத்தான் நினைப்பார்கள். எனக்குக் கீழே நான்கு பேர் இருக்கிறார்கள். ஆபரேஷன் தியேட்டரைக் கழுவி, காய்ந்ததா என்று நான் பார்த்துத் தலையாட்டின பிறகுதான் டாக்டரே உள்ளே போவார். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டிக் கூட்டி இதை எழுத எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. ஆகட்டும். நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும்.

முதல் மாடியில் கடைசியாக ஒரு சின்ன அறை. சர்வர் ரூம் என்று பெயர். கடலூரிலும் எங்கள் சிதம்பரம் கிளையிலும் கண் காட்ட வந்த அத்தனை பேருடைய பேர், வயது, எந்தக் கண்ணில் என்ன ஆபரேஷன் என்கிற விவரமெல்லாம் அந்த அறையில் பீரோ மாதிரி நிற்கிற ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்த அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம். இன்னொன்று என்னிடம். நர்ஸுகளுக்குக் கிடையாது, கவுண்டரில் உட்காருகிறவர்களுக்கும் கிடையாது. முன்னே இருந்த பெரிய டாக்டர் தன் கையால் எனக்குக் கொடுத்தது. என் வீட்டுச் சாவி பையில் எங்கேயாவது கிடக்கும். அந்தச் சாவி இடுப்பில்தான் இருக்கும்.

அந்த அறையைத் துடைக்க ஒரு முறை உண்டு. துணியை முறுக்கிப் பிழிந்து, அரை மணி நேரம் காற்றில் போட்டு, தொட்டால் ஈரம் கையில் ஒட்டாத பக்குவம் வந்த பிறகுதான் உள்ளே கொண்டுபோவேன். வாளி வாசலோடு சரி. ஒயர் இருக்கிற பக்கம் துணியே போகாது, சின்ன பிரஷ்தான். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானாகப் பண்ணிக்கொண்டது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரியிலிருந்து கம்ப்யூட்டர் என்ஜினியர் வருவார். ஐம்பது வயது இருக்கும். முழங்கால் வலி, ஒரு காலை நீட்டிக்கொண்டுதான் உட்காருவார். நோயாளிகள் இல்லாத நாளாகப் பார்த்து அந்தப் பெட்டிக்குள் இருக்கிற விவரங்களை ஒழுங்கு பண்ணுவார். அழித்தது, திருத்தியது என்று வீணாக இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை வரிசையாக அடுக்குகிற வேலை. "நீங்க வெளிய பெருக்குறீங்க, நான் உள்ள பெருக்குறேன்மா" என்பார். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கேன்டீனில் ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முடியவில்லை.

ஆறு மணிக்கு நான் அறையைத் துடைத்தேன். எட்டு மணிக்கு அவர் ஆரம்பித்தார். திரையில் ஒரு பச்சைக் கோடு நீண்டுகொண்டே போகும். அந்தக் கோடு கடைசி வரைக்கும் போய்விட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். பத்து மணிக்கு எட்டிப் பார்த்தேன், கோடு பாதி தாண்டி நின்றிருந்தது. பதினொன்றரைக்கும் அதே இடம். மறுநாள் காலை எட்டு மணிக்குச் சிதம்பரம் கிளையில் இலவசக் கண் முகாம். கிள்ளை, பிச்சாவரம் பக்கமிருந்தெல்லாம் ஜனங்கள் வருவார்கள். இந்த வேலை முடியாமல் அங்கே ஒரு பேரைக்கூடப் பதிய முடியாது.

மேனேஜர் வந்தார். நாற்பது வயதுக்காரர். கெட்டவர் இல்லை. பதற்றம் வந்தால் யாரையாவது கை காட்டாமல் அவரால் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

"இன்னிக்கி இந்த ரூமைத் தொடச்சது யாரு?"

"நான்தான் சார். எப்பவும் நான்தான்."

"தண்ணி பட்டிருக்கும். இல்ல, ஒயரு ஏதாவது லூஸாயிருக்கும்."

"தண்ணி படலை சார். ஒயரை நான் தொடவே இல்லை."

"உங்களுக்கு எப்படித் தெரியும் ஆயாம்மா? எது எந்த ஒயருன்னு படிக்கத் தெரியுமா?"

அதற்குள் மருந்துக் கவுண்டர் பெண், டியூட்டி நர்ஸ், கேன்டீன்காரர் மூன்று பேரும் மாடிக்கு வந்து நின்றுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் வேடிக்கைக்கு வேறு என்ன இருக்கிறது. அவர்கள் பார்க்க மேனேஜர் கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க. என்னா காரணம்னு தெரியற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும். இனிமே இந்த ரூமைப் படிச்ச பொண்ணு யாராவது பாத்துக்கட்டும்."

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். காரணம் தெரிகிற வரைக்கும் என்று அவர்தானே சொன்னார். சரி, தெரிந்துகொண்டே போவோம் என்று அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"வீட்டுக்குப் போங்க ஆயாம்மா, ஞாயித்துக்கெழமை."

"காரணம் தெரியட்டும் சார்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு கீழே போனார். மற்றவர்களும் போனார்கள்.

என்ஜினியர் குனிய முடியாமல் குனிந்து ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார், உலர்ந்திருந்தது. பெட்டிக்குள் இடம் போதவில்லையோ என்று பார்த்தார், நிறைய இருந்தது. அணைத்துப் போட்டுவிடலாமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, பாதியில் அணைத்தால் இருக்கிறதும் கெட்டுவிடும் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

"எப்பவும் நீங்க இதை ஆரம்பிச்சா இந்தப் பெட்டி மாவு மில்லு மாதிரி இரையும். கதவைச் சாத்துனாலும் வராண்டா வரைக்கும் கேக்கும். இன்னிக்கி கொஞ்ச நேரம் இரைஞ்சுது, அப்புறம் மூச்சே விடலியே."

அவர் கையை எடுத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். ஏசி சத்தம் மட்டும்தான் இருந்தது.

"அட, ஆமா" என்றார். "இது மெதுவா வேலை செய்யுதுன்னு நெனச்சுக்கிட்டு காலையிலேருந்து குந்திக்கிட்டு இருக்கேன். இது வேலையே செய்யலம்மா. எதுக்கோ காத்துக்கிட்டு நிக்குது."

"எதுக்கு?"

"ஒரு அலமாரியை அடுக்கணும்னா அதுல வேற யாரும் கைய வச்சிருக்கக் கூடாது இல்ல? யாரோ கைய வச்சிருக்காங்க. அவுங்க எடுக்கற வரைக்கும் இது நிக்கும். இதுக்குப் பின்னாடி வர்றவங்க எல்லாரும் வரிசையா நிப்பாங்க."

யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று காட்டுகிற ஒரு பட்டியலைத் திரையில் வரவழைத்தார். அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும் என்று முனகினார். மேலேயிருந்து கீழே விரலை வைத்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"சிதம்பரம். கவுண்டர் ரெண்டு. நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு ஃபாரத்தைத் தொறந்திருக்காங்க. இன்னும் மூடலை."

நான் துடைத்தது இன்று காலை ஆறு மணிக்கு. எழுந்து நின்று புடவையைச் சரிசெய்துகொண்டேன். "சாரைக் கூப்பிடுங்க" என்றேன்.

மேனேஜர் வந்து கேட்டுவிட்டு, "அதை இங்கேருந்தே வெட்டி விட்டுடுங்க" என்றார்.

"வெட்டலாம் சார். ஆனா சேவ் பண்ணாம உள்ள என்னா டைப் பண்ணி வச்சிருக்காங்கன்னு தெரியாது. நாளைக்கு முகாமுக்கு வாங்குன பேரா இருந்தா அத்தனையும் போயிடும். முன்ன ஒருதரம் கேக்காம வெட்டுனப்போ நீங்க என்னா சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குதா?"

மேனேஜருக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். ஏசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாம் கவுண்டரில் உட்காருகிற அம்மாவுக்குப் போன் போட்டார்கள். அடித்து அடித்து ஓய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிளை பூட்டித்தான் கிடக்கும், வாட்ச்மேன் மட்டும் இருப்பார். அந்தக் கம்ப்யூட்டர் திரையைக் கடலூரிலிருந்தே பார்க்க வழி இருக்கிறதா என்று கேட்டேன். அந்தக் கவுண்டருக்கு அந்த வசதியைப் போடவே இல்லையாம்.

"சரி சார், சாவி" என்று கையை நீட்டினேன்.

"இருங்க ஆயாம்மா. இது ஒரு காரணமா இருக்கலாம். தண்ணியும் ஒரு காரணமா இருக்கலாம். நாளைக்குப் பாப்போம்."

"நாளைக்கு எதுக்கு சார்? இன்னிக்கே நான் போயிப் பாத்துட்டு வர்றேன்."

"நீங்களா? போயி என்னா பண்ணுவீங்க?"

"திரையில என்னா இருக்குதோ அதைப் போன்ல இவருக்குக் காட்டுவேன். எனக்குக் கண்ணு நல்லா தெரியும் சார். உங்க ஆஸ்பத்திரியிலதான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்."

என்ஜினியர் சிரித்துவிட்டார். மேனேஜருக்கு வேறு வழியும் இல்லை. போய் வாருங்கள் என்றார்.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர் வந்து, "இதுல லேடீஸுக்கு ஃப்ரீ கெடையாதும்மா" என்றான்.

"நான் கேட்டனா? சிதம்பரம் ஒண்ணு குடு."

குடிகாட்டில் ஃபாக்டரி ஷிப்ட் முடிந்த ஆட்கள் ஏறி பஸ் நிறைந்துவிட்டது. ஜன்னலோரம் நெருங்கி உட்கார்ந்து யோசித்துக்கொண்டு போனேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நோயாளி அம்மாவின் மூக்குத்தி காணாமல் போயிற்று. துப்புரவுக்காரர்களை மட்டும் வரிசையாக நிற்க வைத்துப் பையைச் சோதிக்கச் சொன்னார்கள். எங்களோடு நர்ஸும் நிற்கட்டும், டாக்டரும் நிற்கட்டும், எல்லோர் பையையும் பாருங்கள், என் பையை முதலில் பாருங்கள் என்றேன். யாரும் பையைத் திறக்கவில்லை. மூக்குத்தி அந்த அம்மாவின் தலையணை உறைக்குள்ளேயே கிடந்தது. அன்றைக்கு யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்காமல் விட்டுவிட்டேன். அதை இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை விடுவதாக இல்லை.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளைக்கு நடக்கிற தூரம்தான். வாட்ச்மேன் கிள்ளைக்காரர், முகாம் சமயங்களில் பழக்கம். கேட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னா யக்கா, கண்ணு தெரியலியா? முகாம் நாளைக்குல்ல?"

"தெரிஞ்சுதான் வந்தேன். கதவைத் தொறங்க, ரெண்டாம் கவுண்டரைப் பாக்கணும்."

"மேனேஜரு சொன்னாத்தான் தொறப்பேன்."

அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. சாவி வைத்திருக்கிற ஆள் அப்படித்தான் இருக்க வேண்டும். மேனேஜருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். கேட்டுவிட்டுத் திறந்தார்.

இரண்டாம் கவுண்டரில் திரை கறுப்பாக இருந்தது. மேலே ஓரத்தில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. மேஜைக்குக் கீழே பெட்டியில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைக்கவில்லை, திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அந்தத் திரைப் பட்டனை நீங்க அமுக்குங்க" என்றேன் வாட்ச்மேனிடம். "நான் தொட்டேன்னு இன்னொரு பேச்சு வேணாம்."

"அப்ப என்மேல வரட்டுங்கறீங்களா?"

"உங்க சாவி இன்னும் உங்ககிட்டதான இருக்குது. அமுக்குங்க."

அமுக்கினார், திரை வெளிச்சமாயிற்று. அவருடைய போனிலேயே என்ஜினியரை முகம் தெரிகிற மாதிரி கூப்பிட்டு, போனைத் திரைப் பக்கம் திருப்பச் சொன்னேன். நாளைய முகாமுக்குப் பேர் பதிகிற ஃபாரம் திறந்திருந்தது. கோடு கோடாக நிறைய வரிகள். முதல் வரியில் பேர் போடுகிற கட்டத்தில் ஒரே ஒரு எழுத்து. அந்த எழுத்து எனக்கு நன்றாகவே தெரியும். வீட்டில் மளிகைச் சீட்டு எழுதினாலும் அதைப் போட்டுவிட்டுத்தான் எழுதுவேன்.

"என்னம்மா இருக்குது? எத்தனை பேரு?" என்றார் என்ஜினியர்.

"பேரு ஒண்ணும் இல்ல தம்பி. முதல் வரியில பிள்ளையார் சுழி போட்டிருக்குது. பக்கத்துல வயசுக் கட்டம் செவப்பா இருக்குது. மீதி எல்லாம் காலி."

"கிட்ட காட்டுங்க" என்றார். வாட்ச்மேன் போனைக் கிட்டே கொண்டுபோனார். அந்தப் பக்கம் அவர் சிரிப்பை அடக்குகிறது தெரிந்தது. "நஷ்டம் ஒண்ணும் இல்ல. நான் இங்கேருந்தே வெட்டிடறேன்மா."

"வெட்டாதீங்க. வெட்டிட்டா நாளைக்கு இது என்னா ஏதுன்னு யாருக்குத் தெரியும்? திரும்பத் தண்ணியிலதான் வந்து நிக்கும். தொறந்தவங்களே வந்து, மேனேஜருகிட்ட சொல்லிட்டு மூடட்டும். செத்த இருங்க."

அந்தக் கவுண்டர் அம்மா எங்கே இருப்பார் என்று வாட்ச்மேனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு மண்டபத்தில் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு. மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். பதினைந்து நிமிஷத்தில் அந்த அம்மா பின்னால் உட்கார்ந்து வந்தார். நாற்பது வயது, பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் இன்னும் சந்தனம் காயவில்லை. பாட்டுச் சத்தத்தில் போன் கேட்கவில்லையாம்.

"என்னா பெரிம்மா ஆச்சு?"

திரையைக் காட்டினேன். "இது யாரு போட்டது?"

"நான்தான். நாளைக்குத் திங்கக்கெழமை இல்ல? ஏழரையிலேருந்து ஒம்பது ராகு காலம். முகாம் எட்டு மணிக்குத் தொடங்குது. அந்த நேரத்துல போயி முதல் பேரை எப்படிப் போடறது? அத்தனையும் கண்ணு ஆபரேஷன் பெரிம்மா. அதான் நேத்து நல்ல நேரத்துலயே ஃபாரத்தைத் தொறந்து, சுழி போட்டு, ஆரம்பிச்சு வச்சுட்டேன். ஆரம்பிச்சதை ராகு காலத்துல தொடந்து செஞ்சா தப்பு இல்லியே."

"ஆரம்பிச்சு வச்சே, சரி. சேவ் பண்ணிட்டு மூடவேண்டியதுதான?"

"மூடத்தான் போனேன். வயசு போடாம மூடமாட்டேங்குது. பிள்ளையாருக்கு என்னா வயசு பெரிம்மா போடறது?"

வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போனுக்குள்ளிருந்து என்ஜினியர் சிரிக்கிற சத்தம் வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஓர் எழுத்துக்குத்தான் என் இடுப்பிலிருந்து சாவி போயிற்று என்று கவுண்டர் அம்மாவிடம் சொன்னேன். மூன்று பேர் முன்னால் என்று சொன்னேன். அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"நான் வேணும்னு பண்ணலை பெரிம்மா."

"தெரியும். அதை மேனேஜருகிட்ட நீயே சொல்லு."

"வேலையை விட்டு எடுத்துட்டாருன்னா?"

"பிள்ளையார் சுழி போட்டதுக்கு எவனும் வேலையை விட்டு எடுக்கமாட்டான். அவரு கார் முன்னாடி எலுமிச்சம்பழம் தொங்குது பாத்திருக்கியா? போடு போனை."

அவர் தயங்கினார். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். எனக்கு அவசரம் இல்லை என்று அதிலேயே தெரிந்துகொண்டார். போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, நடந்ததைத் தானே சொன்னார். மேனேஜர் கத்தினார். முன்னாலேயே சொல்லத் தெரியாதா என்றார், ஆஸ்பத்திரியா கோயிலா என்றார். கத்தி முடித்துவிட்டு, கொஞ்சம் குரலை இறக்கி, "நாளைக்கு ராகு காலம் எத்தனை மணிக்குன்னு சொன்னீங்க?" என்றார்.

"ஏழரையிலேருந்து ஒம்பது சார்."

அந்தப் பக்கம் காலண்டர் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"சரி. இன்னிக்கே ஒரு பேரைப் போட்டு ஆரம்பிச்சு வச்சுடுங்க. வயசோட போடுங்க."

அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, சுழியை அழித்துவிட்டு ஃபாரத்தை மூடினார். உடனே என்ஜினியர், "இருங்க, இருங்க" என்றார். அவருடைய போன் வழியாக முதலில் லேசாகவும் பிறகு பலமாகவும் அந்த இரைச்சல் கேட்டது. பெட்டி மாவு மில்லாகிவிட்டது. "நகருதும்மா. கோடு நகருது" என்றார். ஒரு ஃபாரம் கால் மணி நேரம் சும்மா கிடந்தால் தானே மூடிக்கொள்கிற மாதிரி இன்றைக்கே செய்துவிடுகிறேன் என்றும் சொன்னார்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்த அம்மா கேட்டார். சாயங்காலம் நாலரைக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை ராகு காலமாம். மணி அப்போது மூன்று. இருந்து ஆரம்பித்துவிட்டுத்தான் போவேன் என்று பட்டுப்புடவையோடு உட்கார்ந்துவிட்டார். சுழியை ஒரு வெள்ளைத் தாளில் எழுதித் திரைக்கு மேலே ஒட்டிக்கொள்ளச் சொன்னேன். உடனே எழுதி ஒட்டினார். மண்டபத்திலிருந்து வாட்ச்மேன் எங்களுக்கு இலைச் சாப்பாடு கட்டி வாங்கிவந்தார். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கோடு கடைசி வரைக்கும் போய்விட்டது என்று தகவல் வந்தது. அந்த அம்மா வாட்ச்மேனின் பேரையும் வயதையும் முதல் வரியில் போட்டு, சேவ் பண்ணி, மூடினார். அவருக்கும் இடது கண்ணில் புரை இருந்தது.

அப்புறம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஆயாம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. நாளைக்கு வந்து சாவியை வாங்கிக்குங்க."

"சரி சார். நீங்க வாங்குனப்போ எத்தனை பேரு நின்னாங்க?"

"இப்ப எதுக்கு அது?"

"மருந்துக் கவுண்டர் பாப்பா, டியூட்டி நர்ஸம்மா, கேன்டீன்காரரு. மூணு பேரு. அவுங்க முன்னாடி குடுங்க."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் வருகைப் பதிவு. எல்லோரும் நின்றிருந்தோம். மேனேஜர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வேகமாகச் சொன்னார்: "நேத்து நடந்ததுக்கு ஆயாம்மா காரணம் இல்ல. சிதம்பரத்துல ஒரு ஃபாரம் மூடாம கெடந்தது. இந்தாங்க."

நான் கையை நீட்டவில்லை. மருந்துக் கவுண்டர் பெண் அப்போதுதான் கேட்டில் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பாப்பாவுக்குக் கேக்கல சார்."

அவர் என்னைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு அவள் வந்து வரிசையில் நிற்கிற வரைக்கும் சாவியும் கையுமாகக் காத்திருந்தார். பிறகு திரும்ப முதலிலிருந்து, இந்தத் தடவை நிதானமாகச் சொன்னார். கேட்காமலே ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்: "விசாரிக்காம சாவியை வாங்குனது என்னோட தப்பு."

"எந்தச் சாவி சார்?" என்றாள், நேற்று பக்கத்தில் நின்று பார்த்ததையே மறந்துவிட்ட அந்தப் பெண்.

"நான் சொல்றேன் வா" என்று சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன்.